நூற்று நாற்பதைத் தாண்டாத சர்க்கரை

வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் என் சர்க்கரை நூற்று நாற்பதைத் தாண்டாது. அதையே ஆவடி லேபில் எடுத்தால் முந்நூற்றை எட்டிப் பார்க்கும். ரத்தமும் ஒன்றுதான், உடம்பும் ஒன்றுதான். திருநின்றவூரில் ரயில் ஏறி ஆவடியில் இறங்குவதற்குள் அதற்கு என்னதான் நேர்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ரயிலில் நான் சுண்டல்கூட வாங்கித் தின்பதில்லை.

சர்க்கரை எனக்குப் புதிதில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த காலத்திலேயே வந்துவிட்டது. காலையில் ஒரு மாத்திரை என்று ஆரம்பித்து, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று கூடிக்கொண்டே போனது. அதோடும் ஒரு மாதிரி குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருந்தேன். தொல்லை கண்ணில்தான் ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. முதலில் டிவியில் கீழே ஓடுகிற எழுத்து போனது. அப்புறம் பஸ் நம்பர் போனது. கடைசியில் எதிரே வருகிற ஆள் யார் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது. வீட்டுக்காரர் முகமே எனக்குப் புகைக்குள் இருக்கிற முகமாகிவிட்டது.

அம்பத்தூரில் இருக்கிற கண் டாக்டர் நல்லவர்தான், ஆனால் கறார். "ஆபரேஷன் பண்ணா பளிச்சுனு தெரியும்மா. ஆனா சுகர் இறங்கினாத்தான் கை வைப்பேன். இந்த அளவுல பண்ணி உள்ள சீழ் பிடிச்சா கண்ணே போயிடும்" என்றார். இரண்டு தடவை தேதி கொடுத்தார். இரண்டு தடவையும் லேப் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். இன்னும் தள்ளிப்போட்டால் புரை முற்றிக் கெட்டியாகிவிடும், அப்புறம் எடுப்பதும் சிரமம் என்றும் சொன்னார். ஆக, சர்க்கரை இறங்கினால் எனக்குக் கண் உண்டு, இறங்காவிட்டால் இல்லை. அந்த எண்ணை என்னால் பார்க்கவும் முடியாது. வீட்டுக்காரர் சர்க்கரை மிஷினைப் பார்த்துச் சொல்ல, நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் யார் சொன்னதையும் கேட்டுக்கொள்கிற பிறவி இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிக்குள்ளே போகிற சின்னச் சின்ன இரும்புப் பின்கள் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவள். எங்கள் கையில் கேஜ் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அதில் இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்றில் பின் நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. அளவு எத்தனை என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. தேறுமா, தேறாதா, அவ்வளவுதான் கேள்வி. சூப்பர்வைசர் சில நாள் கெட்ட பின் ஒன்றை வேண்டுமென்றே கூடைக்குள் போட்டுவிட்டுப் போவார். பேசிக்கொண்டே வேலை செய்கிறவள் அதையும் நல்லது என்று தள்ளிவிடுவாள், மாட்டிக்கொள்வாள். நான் ஒரு தடவையும் மாட்டியதில்லை. அந்த வேலை என் புத்தியை அப்படியே ஆக்கிவிட்டது. காய்கறிக்காரர் தராசிலிருந்து ஜோசியர் சொல்கிற நாள்வரை எல்லாவற்றையும் ஒரு தடவை அளந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் இந்தத் தடவை என்னை அல்லவா அளந்தார்கள். வீட்டில் சரியாக இருந்து லேபில் ஏறுகிறது என்றால், அம்மா இடையில் எதையோ தின்கிறாள் என்று மகள் முடிவு கட்டிவிட்டாள். அவள் முகப்பேரில் ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய் டப்பாக்களைத் திறக்கிற சத்தம் கேட்கும். போலீஸ் ரெய்டே தோற்றுவிடும்.

"ம்மா, இது இன்னா, ஸ்வீட் பாக்ஸ் கீது?"

"பக்கத்து ஊட்ல கிரகப்பிரவேசத்துக்குக் குடுத்தாங்க. நீ வந்தா எடுத்துக்கினு போன்னு வெச்சிருக்கேன். பிரிச்சிருக்கா பாரு."

"பிரிக்கல."

"அப்பறம் இன்னா?"

"அப்ப வேற எங்கியோ துன்ற. உண்மைய சொல்லும்மா, கண்ணு உன்துதான போவுது, எங்களுதா போவுது?"

பிரித்திருந்தால் தின்றதற்குச் சாட்சி. பிரிக்காவிட்டால் வேறெங்கோ தின்றதற்குச் சாட்சி. காலையில் இரண்டு இட்லி, மதியம் கைப்பிடிச் சோறு, ராத்திரி கேழ்வரகு அடை என்று வாயைக் கட்டி வைத்திருக்கிறேன். பெற்ற பெண் என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "உடு, அவ ஒண்ணும் துன்றதில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வாய் திறக்கவில்லை.

சரி, நான் தின்னவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேஜ் வைக்க ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம் லேப் மேல். காலையில் அங்கே கூட்டம் நெரியும், யார் ரத்தத்தில் யார் பேரை ஒட்டுகிறார்களோ. பட்டாபிராமில் வேறு லேபுக்குப் போனேன். அங்கே இன்னும் பத்துப் புள்ளி கூட வந்தது. அடுத்தது மாத்திரைக் கடை. விலை குறைத்துக் கொடுக்கிறானே, உள்ளே சுண்ணாம்பை வைத்து அடைத்து விற்கிறானோ என்று கடையை மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை. கேன் தண்ணீர் மேல்கூடச் சந்தேகம் வந்தது, ஆனால் அது வேறு விதமான சந்தேகம். வெயில் காலத்தில்கூட இத்தனை கேன் ஆகாது, இப்போது போட்ட கேன் போட்ட வேகத்தில் தீர்ந்தது. கால் கேன் குறைத்து ஊற்றுகிறாய் என்று கேன் போடுகிறவரிடம் வாசலிலேயே சண்டைக்குப் போனேன். "சீல் கீதே அம்மா, நானா குடிச்சேன்?" என்று அவர் முனகிக்கொண்டே போனார்.

மிச்சம் இருந்தது வீட்டு மிஷின். அளக்கிற கருவியே கோணலாக இருந்தால் அளந்து என்ன பிரயோஜனம். கம்பெனியில் கேஜ் மேல் சந்தேகம் வந்தால், அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பின்னை எடுத்து வைத்துப் பார்ப்போம். அதற்கு மாஸ்டர் பீஸ் என்று பேர். எனக்கும் ஒரு மாஸ்டர் பீஸ் வேண்டும், சர்க்கரையே இல்லாத ஆள் ஒருவர். வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்காரர் ராணுவ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசி நாள்வரை மெடிக்கல் லீவு போட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். மாத்திரை என்றால் வாயில் வைக்க மாட்டார்.

"இந்தா, உன் விரல்ல ஒரு தபா குத்திப் பாரு. மிஷின் சரியா கீதான்னு தெரிஞ்சுக்கணும்."

"எனக்கு எதுக்குமே? எனக்கு இன்னா சுகரா கீது?"

"இல்லன்னுதான்யா உன்னிய குத்தச் சொல்றேன்."

கொஞ்ச நேரம் சாக்குப்போக்கு சொன்னார். நான் விடவில்லை. குத்தினார். மிஷின் பீப் என்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. சின்ன எழுத்து, கண்ணாடியைத் தேடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னாய்யா?"

"நூத்தி பத்து."

மிஷினை மேஜை மேல் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தார். அவர் நடக்கும்போது கையிலிருந்த ஸ்டீல் வாட்ச் கிலுகிலுவென்று மேலும் கீழும் ஓடியது. "அந்த வாட்ச் சங்கிலி லூசாயிடுச்சு, கடையில குடுத்து ஒரு கண்ணி எடுத்துட்டு வா" என்றேன். "பாக்கலாம்" என்றார். மிஷின் சரியாக இருக்கிறது என்று என் மனக்கணக்கில் எழுதிக்கொண்டேன். சர்க்கரை இல்லாத மனிதருக்கு நூற்றுப் பத்து என்றால் கருவி சரிதான்.

அப்படியென்றால் மிச்சம் இரண்டே பேர். தின்கிறவள் ஒருத்தி, வாசிக்கிறவர் ஒருவர்.

அவர் மேல் சந்தேகப்பட எனக்கே முதலில் வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்த மனிதர். ஆனால் ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே அதற்குத் தோதாகத்தான் தெரியும். சர்க்கரை டாக்டரிடம் போகிற ஒவ்வொரு தடவையும் மிஷினை எடுத்துவர மறந்துவிடுவார். மழை வராத மாதத்திலும் குடையை மறக்காதவர் அவர். டாக்டர் கேட்டால், "ஊட்ல எல்லாம் நூத்தி முப்பது, நூத்தி நாப்பதுதான் சார் காட்டுது" என்று வாயாலேயே ஒப்பிப்பார். டாக்டரும் குழம்பிப்போய், "மூணு மாச சராசரி பார்க்குற டெஸ்ட்டே இவ்ளோ மோசமா இருக்கே. அம்மா, நீங்க சாப்பாட்டுல உண்மையா இருக்கீங்களா?" என்று என்னைப் பார்ப்பார். அப்போதும் வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார். வீட்டில் அடிக்கடி பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். யாரிடமோ ரகசியமாக போன் பேசுகிறாரோ என்று கதவருகே போய் நின்றிருக்கிறேன். தண்ணீர் சத்தம்தான் கேட்டது.

என் சர்க்கரை ஏறினால் இவருக்கு என்ன லாபம்? அதுதான் எனக்கு விளங்கவில்லை. விளங்கும்வரை காத்திருக்க என் கண்ணுக்கு நேரமில்லை. சூப்பர்வைசர் செய்த வேலையை நானும் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். கூடைக்குள் கெட்ட பின் ஒன்றைப் போட வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் அவர் ரேஷன் கடைக்குக் கிளம்பினார். கேட் சாத்தியதும், மகள் கோபத்தில் எடுக்காமல் விட்டுப்போய் ஃபிரிட்ஜில் கிடந்த அந்த ஸ்வீட் பாக்ஸைத் தடவி எடுத்தேன். லட்டு. இரண்டைத் தின்றேன். அப்புறம் அவருக்காக வைத்திருக்கிற சர்க்கரை டப்பாவை எடுத்து ஒரு டீ போட்டு, தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கிக் குடித்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாக்கில் சர்க்கரை பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ருசியில் பாதி, ஆத்திரத்தில் பாதி. தின்றேன் தின்றேன் என்றார்களே, இதோ இன்றைக்குத்தான் தின்றேன். எவளும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் வந்து, அரிசி மூட்டையை இறக்கி, மேல்மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து முடிக்கிறவரை பேசாமல் இருந்தேன்.

"ஒரு மாரி தல சுத்துது. கொஞ்சம் சுகர் பாரு."

குத்தினார். பீப். இந்தத் தடவை என் காது முழுக்க அவர் பக்கம் இருந்தது. பெருமூச்சு ஒன்று கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"நூத்தி முப்பத்தெட்டு. சூப்பரா கீது. பசிதான் போல."

கையை நீட்டி மிஷினைப் பிடுங்கினேன். அணைவதற்குள் ஜன்னலுக்கு ஓடி மூக்குக்கு ஒட்டினாற்போல வைத்துப் பார்த்தேன். எண் எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. ஒன்று என்ற எழுத்து ஒல்லியான ஒரு கோடு. முதல் எழுத்து ஒன்றாக இருந்தால் இடது பக்கம் காலியாக இருக்கும். இங்கே மூன்றும் ஒரே பருமனாகத் தடித்துக் கறுப்பாக நின்றன. ஓட்டையில் நுழையவில்லை. தேறாது.

"யோவ். பீலா உடாத. மொத நம்பர் ஒண்ணு இல்ல."

அவர் ஸ்ட்ரிப் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு லட்டு துன்னுட்டு, சக்கர போட்டு டீ குடிச்சேன்யா. எனக்கு நூத்தி முப்பத்தெட்டா? எத்தினி நாளா இப்டி டபாய்க்கிற?"

நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"மாத்திரைக்கு அடங்கலன்னா ஊசின்னு டாக்டரு சொன்னாரில்ல அன்னிக்கு. ஊசியில போட்டா அவ்ளோதான்மே. எங்க அக்காவ நீயும்தான பாத்த. ஊசி போட ஆரம்பிச்சாங்க, அடுத்த பொங்கலுக்கு அவ இல்ல."

"அதுக்கு?"

"நம்பரு கம்மியா சொன்னா ஊசிக்குப் போ மாட்டாரு. நீயும் பயப்பட மாட்ட. பயந்தா சுகர் இன்னும் ஏறுமாம். மாத்திரையிலயே இறங்கிடும்னு பாத்துக்கினே இருந்தேன். இறங்கல."

அவர் அக்காவை நானும்தான் பார்த்தேன். காலில் வந்த புண்ணுக்கு மாதக்கணக்கில் பச்சிலை வைத்துக் கட்டி, கால் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் ஊசி. புண் முதலில் வந்தது, ஊசி கடைசியில் வந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் பழி முழுக்க ஊசி மேல் விழுந்துவிட்டது. அவர்கள் வீட்டில் இன்சுலின் என்ற பேரையே எடுக்க மாட்டார்கள், "அந்த ஊசி" என்பார்கள்.

எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "எம்பொண்ணு என்னிய திருடி மாரி பாத்தா. நீ பக்கத்துலயே குந்திக்கினு டீ குடிச்ச" என்றேன். அன்றைக்கு ராத்திரி நான் அவருக்குச் சோறு போடவில்லை, அவரே போட்டுக்கொண்டார்.

மறுநாளே மிஷினை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஆவடிக்குப் போனோம். நடந்ததைச் சொன்னதும் சர்க்கரை டாக்டர் மிஷினில் பதிவாகியிருந்த பழைய அளவுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பீப் பீப் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரரைத் திட்டுவார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்கு இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, ரிசல்ட் வந்த பிறகு பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்.

"இன்சுலினைச் சுரக்குறது கணையம்னு ஒரு உறுப்பும்மா. உங்க உடம்பு அந்த இன்சுலினுக்குச் சரியா பணியல. பணியலைன்னதும் கணையம் இன்னும் கூடுதலா சுரந்துச்சு. இத்தனை வருஷமா ஓவர்டைம் பார்த்திருக்கு. அப்படி ஓடிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

"மிஷின் தேஞ்சு பூடும் சார்."

"அதேதான். நீங்க சாப்பிட்ட மாத்திரையில பாதி, சூப்பர்வைசர் மாதிரி மிஷினை விரட்டி வேலை வாங்கும். விரட்டுறதுக்கு மிஷினே இல்லைன்னா சூப்பர்வைசர் என்ன பண்ணுவார்? உங்க கணையத்துல இப்ப உற்பத்தி ரொம்பக் குறைஞ்சு போச்சு. இனிமே வெளியிலேருந்து வாங்கிப் போட வேண்டியதுதான். அதுதான் இன்சுலின் ஊசி. கடைசிக் கட்டம்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் துன்னதால ஏறல?"

"இல்லம்மா. நீங்க ஒழுங்காதான் இருந்திருக்கீங்க."

"இத்த அப்டியே எம்பொண்ணுக்கு போன்ல சொல்லுங்க சார்."

சொன்னார். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் முனகினார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எழுந்திருக்கும்போது வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "சார், மொதல்லயே பாத்துட்டா ஊசி வேணாமா?" ஆரம்பத்திலேயே பார்த்தால் மாத்திரை, சாப்பாடு, நடையிலேயே பல வருஷம் ஓட்டலாம், உடம்பு இளைக்கிறவரை விட்டுவிட்டு வந்தால்தான் சிரமம் என்றார் டாக்டர். "அப்பிடீங்களா" என்றார் இவர். நடந்து முடிந்த என் கதைக்கு இப்போது வருத்தப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஊசியை அவர்தான் போட வேண்டும், எனக்குத்தான் கண் தெரியாதே. நர்ஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஊசி என்றால் பெரிதாக நினைத்திருந்தேன். அது பேனா மாதிரிதான் இருந்தது. பின்பக்கம் திருகினால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டிக் என்று சத்தம் வரும். அது எனக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. அவர் திருகும்போது நான் காதைக் கொடுத்து எண்ணுவேன். ஒரு டிக் குறைந்தாலும் வயிற்றைக் காட்ட மாட்டேன்.

"இன்னும் ரெண்டு திருகு."

"சரியாதான்மே வெச்சிருக்கேன்."

"நீ வெப்ப. நான் எண்ணுனேன்."

முதல் நாள் ஊசியை என் வயிற்றருகே கொண்டுவந்துவிட்டு இரண்டு தடவை பின்னுக்கு எடுத்தார். அக்காவை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு அது எறும்பு கடித்த அளவுக்குத்தான் இருந்தது. மிஷினை அவர் வாசித்ததும் நான் வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோய் முதல் எழுத்தைப் பார்ப்பேன். வாரங்கள் போகப் போக, தடித்திருந்த எழுத்து ஒரு நாள் ஒல்லியாகி நின்றது. அவர் அன்றைக்குச் சொன்ன நூற்று நாற்பத்திரண்டு நிஜமான நூற்று நாற்பத்திரண்டு. ஆனாலும் அவரை நான் முழுசாக நம்பவில்லை. ஒரு தடவை கெட்ட பின்னை நல்லது என்று தள்ளியவருடைய கூடையை மறுபடியும் ஒரு தடவை பார்ப்பதுதான் வழக்கம்.

கண் டாக்டர் மூன்றாவது தடவை தேதி கொடுத்தார். இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை. வலது கண்ணில் ஆபரேஷன் ஆனது. வலி ஒன்றும் இல்லை, உள்ளே போய் வெளியே வந்த நேரம்கூடத் தெரியவில்லை. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். நர்ஸ் ஒரு மருந்தை விட்டு, மெதுவாகத் திறக்கச் சொன்னார்.

முதலில் வெளிச்சம். அப்புறம் நர்ஸின் சட்டைப் பொத்தான். சுவரில் இருந்த காலண்டர் தாளில் தேதியை என்னால் வாசிக்க முடிந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்று திரும்பினேன்.

கதவோரத்தில் யாரோ ஒரு கிழவர் நின்றிருந்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தூக்கி, சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடைவெளி. கையை உயர்த்தினார். ஸ்டீல் வாட்ச் கிலுகிலுவென்று முழங்கைக்குப் பக்கம்வரை ஓடியது.

"தெரியுதாமே?" என்றார்.

தெரிந்தது. கேன் தண்ணீர் தெரிந்தது. பாத்ரூம் கதவு தெரிந்தது. அரிசி மூட்டையை இறக்கிவிட்டு வாங்கிய மூச்சு தெரிந்தது. கவிழ்த்து வைத்த மிஷின் தெரிந்தது. ரயிலில் அவர் ஸ்டேஷன் பலகைகளைக் காட்டி, வாசி வாசி என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணனூர் என்றேன், இந்து கல்லூரி என்றேன். என் கண் அவர் மணிக்கட்டிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிஷினை எடுத்தேன்.

"இப்ப எதுக்கு? காலைல ஆஸ்பத்திரியிலயே பாத்துட்டாங்களே உனக்கு."

"எனக்கு இல்ல. விரல நீட்டு."

"மிஷின் சரியாதான் கீது. அன்னிக்கே பாத்தமே."

"நீட்டுய்யா."

நீட்டினார். நானே குத்தினேன். நானே ரத்தத்தைத் தொட்டு வைத்தேன். மிஷின் பீப் என்றதும் அவர் குனிந்து பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கண்ணாவது எனக்குத் தெரிகிறது என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது போல. பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நூத்தி பத்து."

முதல் எழுத்து ஒல்லியாக இல்லை. முந்நூற்று எழுபத்தொன்று என்று தெள்ளத் தெளிவாக இருந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் அக்காவின் கறுத்த கால் கண் முன்னால் வந்தது.

மிஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், அப்புறம் என் கண்ணைப் பார்த்தார். மறைக்க இனிமேல் வழியில்லை என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"எனக்கும் ஊசியாமே?" என்றார். குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

"ஊசியா மாத்திரையான்னு டாக்டரு சொல்லுவாரு. நம்பர நான் படிப்பேன்."

மறுநாள் காலையில் ஆவடிக்குப் போனோம். மிஷின் என் கைப்பையில் இருந்தது.